வீட்டுக்குள் திரும்பிய கேமரா

1987ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஃபிஷர்-பிரைஸ் பொம்மை நிறுவனம் குழந்தைகளுக்காக ஒரு வீடியோ கேமராவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெயர் பி.எக்ஸ்.எல்-2000. விலை சுமார் 100 டாலர். பாட்டு கேட்கிற சாதாரண ஆடியோ கேசட்டைப் போட்டு அதில் படம் பிடிக்கலாம் என்பதுதான் விசேஷம். ஒலிக்கென்று செய்த நாடாவில் படத்தையும் ஏற்ற வேண்டுமானால் அது தலைதெறிக்க ஓட வேண்டும். 90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிடச் சொச்சம்தான் பதிவாகும். அதுவும் கறுப்பு வெள்ளையில், கட்டம் கட்டமாக, கலங்கலாக, சுற்றிலும் கறுப்புச் சட்டத்தோடு. குழந்தைகளுக்குப் படம் பிடிக்கவில்லை, பெற்றோருக்கு விலை பிடிக்கவில்லை. சீக்கிரமே உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள்.

அந்தப் பொம்மைகளில் ஒன்று மில்வாக்கி நகரத்தில் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையின் கைக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகப் போய்ச் சேர்ந்தது. பெயர் சேடி பென்னிங். வாங்கித் தந்த அப்பா ஜேம்ஸ் பென்னிங், ஏற்கெனவே பரிசோதனைப் படங்களால் அறியப்பட்டவர். நல்ல கேம்கார்டர் வரும் என்று காத்திருந்த பிள்ளைக்குப் பெருத்த ஏமாற்றம். ஆனாலும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அதை வைத்தே படம் எடுக்க ஆரம்பித்தது.

1989இல் எடுத்த ‘எ நியூ இயர்’ படத்தில் சேடி தன்னைக் காட்டிக்கொள்ளவே இல்லை. காகிதத்தில் கையால் எழுதிய வரிகள் லென்ஸுக்கு முன்னால் நகர்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் டி.வி., அறையில் கிடக்கும் பொருட்கள், ஜன்னலுக்கு வெளியே தெரு. அக்கம்பக்கத்தில் நடந்த கொடுமைகள் அந்தக் காகித வரிகளில் வருகின்றன. அடுத்தடுத்த படங்களில் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. முதலில் ஒரு கண். பிறகு உதடு, தாடை. பெண்கள்மீது ஈர்ப்புகொண்ட பெண்ணாகப் பள்ளியில் பட்ட பாட்டையும், வீட்டுக்குள் கட்டிய கனவுகளையும் கேமராவிடம் முணுமுணுக்கும் குரல். 1990இல் ‘இஃப் எவ்ரி கேர்ள் ஹேட் எ டைரி’, ‘ஜாலிஸ்’. 1992இல், வில்லனும் காதலியும் காரில் ஊரைவிட்டு ஓடும் ஹாலிவுட் கதையை அறைக்குள்ளேயே நடித்துக்காட்டும் ‘இட் வாசன்ட் லவ்’. 1993இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் தன் புகழ்பெற்ற ஈராண்டுக் கண்காட்சியில் இந்தப் படைப்புகளுக்கு இடம் தந்தபோது சேடிக்கு இருபது வயதுதான்.

அந்தப் பொம்மையின் குறைதான் அந்தப் படங்களுக்கு மொழியானது என்று சொல்லத் தோன்றுகிறது. தூரத்தில் இருப்பதைக் காட்டினால் அந்தக் கேமராவில் வெறும் கலங்கல்தான் மிஞ்சும். அதனால் எல்லாம் கிட்டத்தில் வந்தாக வேண்டும். ஒரு பக்கம் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும், அதனால் சுற்றி வளைக்காமல் பேச வேண்டும். விளக்கும் மைக்கும் தூக்கிக்கொண்டு நாலு பேர் அந்த அறைக்குள் நுழைந்திருந்தால் அந்தப் பிள்ளை வாயைத் திறந்திருக்காது.

இதைப் பரிசோதனைப் படம் என்கிறார்கள். சிலர் ஆவணப்படம் என்பார்கள், சிலர் வீடியோ டைரி என்பார்கள். பெயர் எதுவானாலும், புதிதாய்ப் படமெடுக்க வருகிற இளைஞர் ஒருவர் தன் சொந்த அனுபவத்தையே கச்சாப் பொருளாக்கி, பத்து இருபது நிமிடத்தில் முடிக்கும் படங்கள் உலகெங்கும் ஒரு தனி ஓடையாக ஓடிக்கொண்டிருக்கின்றன. நம்மிடம் அந்த ஓடை ஏன் இவ்வளவு மெலிந்து கிடக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையைக் கிளப்பிவிட்ட கேள்வி.

கோடம்பாக்கத்துக்கு ஒரு விசிட்டிங் கார்டு

தமிழில் குறும்படத்துக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சி ஒரு தலைமுறையையே உருவாக்கியது. கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் எல்லோரும் அந்த வாசல் வழியாக வந்தவர்கள். ‘காதலில் சொதப்புவது எப்படி’, ‘முண்டாசுப்பட்டி’ இரண்டும் குறும்படமாகப் பிறந்து 2012இலும் 2014இலும் திரையரங்குக்கு வந்தன. தயாரிப்பாளர் வீட்டு வாசலில் கால்கடுக்க நின்ற உதவி இயக்குநர்களுக்கு அது பெரிய விடுதலை. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் அந்த வெற்றியே குறும்படத்தின் வடிவத்தை இறுக்கிவிட்டது. பத்து நிமிடத்தில் கதை சொல்லத் தெரியும், நடிகர்களை வேலை வாங்கத் தெரியும், கடைசி நிமிடத்தில் ஒரு திருப்பம் வைக்கத் தெரியும் என்று தயாரிப்பாளருக்குக் காட்டும் விசிட்டிங் கார்டாக அது ஆகிப்போனது. கார்டில் யாரும் சொந்தக் கதையை எழுதி நீட்டுவதில்லை.

ஆவணப்படத்தில் நிலைமை வேறு. 2003இல் வந்த அமுதனின் ‘பீ’, மதுரையில் மலம் அள்ளும் ஒரு பெண்ணின் வேலையை முகம் திருப்ப விடாமல் நம்மைப் பார்க்கவைத்தது. லீனா மணிமேகலையின் ‘மாத்தம்மா’, திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ என்று நீளும் அந்த மரபு, அதிகாரத்தோடு மல்லுக்கு நின்ற மரபு. அங்கே கேமரா ஒடுக்கப்பட்டவர்களின் துயரை நோக்கிப் போனது. அப்படிப் போனதும் அவசியம்தான். எடுத்தவரின் சொந்த வீட்டுக் கதவை அது தட்டியது மிகக் குறைவு.

எழுத்தில் அப்படி இல்லை. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. கே.ஏ. குணசேகரனின் ‘வடு’ 2005இல். தன் சாதி, தன் தெரு, தன் அம்மா என்று பெயர் சொல்லிப் பேசும் தைரியம் தமிழ் உரைநடைக்கு எப்போதோ வந்துவிட்டது. திரைக்கு வரத்தான் தாமதம்.

அப்பாவைத் தேடிய பெண்

‘கருக்கு’ அச்சான அதே 1992இல், ஜப்பானின் நாரா நகரத்தைச் சேர்ந்த 23 வயதுப் பெண் ஒருத்தி 8 எம்.எம். கேமராவோடு தன் அப்பாவைத் தேடிக் கிளம்பினாள். நவோமி கவாசே. அப்பாவும் அம்மாவும் பிரிந்துபோக, குழந்தையை வளர்த்தது அம்மாவழிப் பாட்டியின் அக்கா. கவாசேவுக்கு அவர்தான் பாட்டி, அவர்தான் அம்மா. அப்பாவைப் பார்த்த நினைவே கிடையாது.

ஜப்பானில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அரசுப் பதிவேடு உண்டு. அப்பா எந்தெந்த முகவரியில் குடியிருந்தார் என்ற விவரம் ஆவணத்தில் கிடைக்கிறது. அந்த முகவரிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போகிறாள் மகள். பழைய புகைப்படத்தை அதே இடத்தில் நீட்டிப் பிடித்துப் பார்க்கிறாள். வீட்டில் பாட்டிக்கு இதில் இஷ்டமில்லை. எதற்கு இப்போது பழசைக் கிளறுகிறாய் என்கிற சங்கடம் அவர் பேச்சில் இருக்கிறது. கடைசியில் தொலைபேசியில் அப்பாவின் குரல். சுமார் 40 நிமிடப் படம். தலைப்பின் பொருள், ‘அணைப்புக்குள்’ என்பது போல.

கதையாகச் சொன்னால் இது நம் சினிமாவில் நூறு முறை பார்த்த சமாச்சாரம்தான். தொலைந்த அப்பா, தேடும் பிள்ளை, இடைவேளைக்குப் பிறகு சந்திப்பு. கவாசே செய்த வித்தியாசம், தேடலின் பரபரப்பைச் சுத்தமாக வடிகட்டிவிட்டதுதான். படத்தின் பாதி, பூவும் இலையும் வானமும் வெயில் விழும் சுவரும்தான். பொறுமை இல்லாதவர்களுக்குச் சலிப்பு தட்டும். எனக்கும் முதல் பத்து நிமிடம் தட்டியது. பிறகுதான் பிடிபட்டது, பேசக் கூச்சப்படும் ஒருவர் பேச்சுக்கு நடுவே வேறெங்கோ பார்ப்பாரே, அந்தப் பார்வை இது என்று.

இங்கேயும் கருவிக்குப் பங்குண்டு. 8 எம்.எம். சுருள் ஒன்று 50 அடி. விநாடிக்கு 18 சட்டகம் என்று ஓட்டினால் மூன்று நிமிடம் இருபது விநாடியில் தீர்ந்துவிடும். வாங்கவும் கழுவவும் காசு. எனவே ஒவ்வொரு ஷாட்டும் சில விநாடிதான். ஒலியைப் பெரும்பாலும் தனி டேப் ரெக்கார்டரில் பிடித்துப் பிறகு சேர்க்க வேண்டும். படமும் குரலும் ஒட்டாது. பாட்டியின் குரல் ஓடும், திரையில் பட்டாணிச் செடி ஆடும். தொழில் தெரிந்தவர் இதைப் பிழை என்பார். ஆனால் நினைவு நமக்கு அப்படித்தானே வருகிறது, முகம் ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமுமாக?

1994இல் ‘கத்தத்சுமொரி’. இது முழுக்கப் பாட்டியைப் பற்றியது. தோட்டத்தில் குனிந்து வேலை செய்யும் பாட்டியை ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளிருந்து கேமரா பார்க்கிறது. சட்டகத்துக்குள் பேத்தியின் கை நுழைகிறது. கண்ணாடியில் தெரியும் பாட்டியின் உருவத்தை விரலால் தடவுகிறது. அடுத்து கேமரா வெளியே போகிறது. அதே விரல் இப்போது நிஜமான கன்னத்தில். இரண்டே ஷாட். வசனம் எழுதியிருந்தால் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருப்பார்கள்.

இந்த இரண்டு படங்களும் யமகதா நகரின் சர்வதேச ஆவணப்பட விழாவில் 1995இல் திரையிடப்பட்டன. ஆசியப் படங்களுக்கான பிரிவில் ‘கத்தத்சுமொரி’ விருது வாங்கியது. அந்த விழாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். யமகதா டோக்கியோவிலிருந்து விலகி வடக்கே இருக்கும் நகரம். நகராட்சியாகி நூறு ஆண்டு நிறைந்ததை ஒட்டி 1989இல் இந்த விழாவைத் தொடங்கினார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. அதற்குப் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் ஒகாவா ஷின்சுகே. நரிதா விமான நிலையத்துக்காக நிலத்தைப் பறிகொடுத்த விவசாயிகளின் போராட்டத்தை ஆண்டுக்கணக்கில் கூடவே இருந்து படமாக்கியவர். பிறகு யமகதா பக்கத்துக் கிராமத்தில் குடியேறி நெல் விவசாயத்தைப் படமெடுத்தவர்.

போராட்டப் படங்களில் ஊறிய ஒரு மரபின் மேடையில் ‘என் பாட்டி, என் அப்பா’ என்று ஒரு பெண் வந்து நின்றது எல்லோருக்கும் ருசிக்கவில்லை. இளைஞர்கள் சமூகத்தை விட்டுவிட்டுத் தங்களைச் சுற்றி இரண்டடி வட்டம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள் என்று விமர்சகர்கள் குறைபட்டார்கள். தமிழிலும் நாளை யாராவது அப்படிப் படமெடுத்தால் இதே குரல் கட்டாயம் எழும். அந்தக் குரலில் நியாயம் இல்லாமல் இல்லை. தன்னைப் பற்றிப் பேசுவது சுலபமாகத் தன்னிரக்கத்தில் போய் விழும். விழாக்களில் வரும் சொந்த அனுபவப் படங்களில் பாதி, ஜன்னலோர மழையும் ஈரமான குரலுமாகச் சோம்பல் முறிப்பவை என்பதும் உண்மை. ஆனால் அப்பா விட்டுப்போன ஒரு குழந்தையை யார் வளர்க்கிறார்கள், அரசின் காகிதத்தில் உறவு எப்படிப் பதிவாகிறது என்பதெல்லாம் சமூகம் இல்லையா?

கவாசே 1997இல் ‘சுசாகு’ என்ற முதல் கதைப்படத்துக்கு கான் விழாவில் சிறந்த அறிமுகப் படத்துக்கான கேமரா தோர் விருது வாங்கினார். அப்போது வயது 27. அதுவரை அந்த விருதை அவ்வளவு இளம் வயதில் யாரும் வாங்கியதில்லை. விருதுக்குப் பிறகும் வீட்டுப் படங்களை அவர் நிறுத்தவில்லை. அப்பா இறந்த செய்தியிலிருந்து 2001இல் ஒரு படம். தன் பிரசவத்தையே காட்டி 2006இல் ‘தராச்சிமே’. பாட்டியின் மறைவையொட்டி 2012இல் ‘சிரி’. விசிட்டிங் கார்டாக இருந்திருந்தால் வேலை முடிந்ததும் பெட்டிக்குள் போயிருக்கும்.

‘நான்’ என்று சொல்ல முடியாதபோது

சொந்தக் கதையைச் சொல்வதற்கு நேரே கேமராவைப் பார்த்துப் பேசினால் போதாதா? இன்று இன்ஸ்டாகிராம் முழுக்க அதுதானே? போதாது என்று இந்தப் படங்கள் காட்டுகின்றன. வீட்டில் சொல்ல முடியாமல் போன ஒன்றைச் சொல்வதற்கு ஒரு சுற்றுவழி தேவைப்படுகிறது. அந்தச் சுற்றுவழியைத்தான் பரிசோதனை என்கிறோம்.

அமெரிக்க இயக்குநர் சூ ஃபிரெட்ரிக் 1990இல் எடுத்த ‘சிங்க் ஆர் ஸ்விம்’ நல்ல உதாரணம். 48 நிமிடம். குடும்பத்தை விட்டுப்போன அப்பாவைப் பற்றிய படம். அந்த அப்பா மொழியியல் படித்த பேராசிரியர். மகளோ ஆங்கில எழுத்துகளின் வரிசையைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்கிறாள். கடைசி எழுத்தில் தொடங்கி முதல் எழுத்தில் முடியும் 26 துண்டுகள். முதல் துண்டு கருமுட்டையில் ஆரம்பிக்கிறது. படிக்கப்படும் கதைகளில் ‘நான்’ கிடையாது. ‘ஒரு பெண்’, ‘அந்தப் பெண்ணின் அப்பா’ என்றே கதை போகிறது. படிப்பதும் ஒரு சிறுமியின் குரல். நீச்சல் கற்றுத் தந்தது, தண்டனை கொடுத்தது என்று அப்பாவின் கண்டிப்பெல்லாம் உணர்ச்சி ஏறாத அந்தச் சின்னக் குரலில் வரும்போது கேட்பவர்களுக்கு அடிவயிறு கலங்குகிறது. இதையே நடுவயதுப் பெண் ஒருத்தி அழுதுகொண்டே சொல்லியிருந்தால் நாம் ஆறுதல் சொல்லிவிட்டுக் கிளம்பியிருப்போம்.

பெல்ஜிய இயக்குநர் ஷான்டால் ஆகெர்மானுக்கு 18 வயதிருக்கும்போது, 1968இல், பிரஸ்ஸல்ஸ் நகரத்துச் சமையலறை ஒன்றில் 13 நிமிடப் படம் எடுத்தார். ‘சோத் மா வில்’. அவரே நடித்தார். ஒரு பெண் ஏதோ ராகம் முனகிக்கொண்டே வீட்டுக்குள் வருகிறாள், சாப்பிடுகிறாள், கதவிடுக்கை நாடாவால் ஒட்டி அடைக்கிறாள், பாத்திரங்களை வாரிப் போடுகிறாள், ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறவள் காலுக்கும் சேர்த்துப் போடுகிறாள். முடிவில் கேஸ். இருட்டான திரையில் வெடிச் சத்தம். சிரிப்பும் பயமும் ஒன்றாக வரும் படம். திரைப்படப் பள்ளியில் சேர்ந்த சில மாதங்களிலேயே படிப்பை விட்டுவிட்டு எடுத்தது இது. ஏழு ஆண்டு கழித்து அதே சமையலறைச் சங்கதியை 201 நிமிடத்துக்கு விரித்து ‘ஷான் தீல்மான்’ எடுத்தார். 2022இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் நடத்திய உலகளாவிய வாக்கெடுப்பில் அது எல்லாக் காலத்துக்கும் சிறந்த படமாக முதலிடம் பிடித்தது. அந்தப் பட்டியலின் உச்சியில் ஒரு பெண்ணின் படம் வந்தது அதுவே முதல்முறை. அவருடைய இன்னொரு படமான ‘நியூஸ் ஃப்ரம் ஹோம்’ இன்னும் எளிமை. நியூயார்க் தெருக்களும் சுரங்க ரயிலும் திரையில் ஓட, பெல்ஜியத்திலிருந்து அம்மா எழுதிய கடிதங்களை மகள் வாசிக்கிறாள். ரயில் சத்தத்தில் கடிதம் அவ்வப்போது அமுங்கிப்போகும். வெளியூரில் பிள்ளையை வைத்திருக்கும் எந்தத் தாய்க்கும் அந்தக் கடிதங்களின் உள்ளடக்கம் தெரிந்ததுதான்: உடம்பைப் பார்த்துக்கொள், ஏன் எழுதவில்லை.

இந்தியத் தடங்கள்

தியேட்டரில் படம் போடுவதற்கு முன்னால் நியூஸ் ரீல் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஃபிலிம்ஸ் டிவிஷன் என்றாலே கொட்டாவிதான் ஞாபகம் வரும். 1948இல் தொடங்கிய அந்த அரசு நிறுவனத்தின் படங்களைத் திரையிட்டாக வேண்டும் என்பது அப்போது தியேட்டர் உரிமத்தின் நிபந்தனை. அணைக்கட்டு, குடும்பக் கட்டுப்பாடு, பிரதமர் ரிப்பன் வெட்டுதல். ஆனால் அறுபதுகளின் இறுதியில் அதே கட்டடத்துக்குள் சில கிறுக்கர்கள் புகுந்தார்கள். எஸ்.என்.எஸ். சாஸ்திரி 1967இல் ‘ஐ ஆம் 20’ எடுத்தார். சுதந்திரத்தோடு பிறந்த இருபது வயது இளைஞர்களிடம் மைக்கை நீட்டி, நாட்டைப் பற்றி அவர்கள் நினைப்பதை நினைத்தபடி பேசவிட்ட படம். மறு ஆண்டே ‘அண்ட் ஐ மேக் ஷார்ட் ஃபிலிம்ஸ்’. அரசுச் சம்பளத்தில் குறும்படம் எடுக்கும் ஒருவன், தான் செய்வது என்ன என்று தன்னையே கிண்டலும் குழப்பமுமாகத் துருவிக்கொள்ளும் படம். நம் நாட்டில் சொந்தக் குரலில் பேசிய குறும்படத்துக்கு முன்னோடி யார் என்று கேட்டால் நான் இந்த அரசு ஊழியரைத்தான் காட்டுவேன். யூடியூபில் கிடைக்கிறது. பாருங்கள்.

அதே காலத்தில் பம்பாயில் ஓவியர் அக்பர் பதம்ஸி, தனக்குக் கிடைத்த நேரு ஆய்வுநிதியைக் கொண்டு கலைஞர்கள் கூடிப் பரிசோதனை செய்ய ஒரு பட்டறை அமைத்தார். ஓவியர்கள், புகைப்படக்காரர்கள், திரைக்காரர்கள் எல்லோரும் வந்துபோன இடம். அங்கே 1969இல் படமெடுத்துப் பழகிய இளம் ஓவியர் ஒருவர் உண்டு, நளினி மலானி. பதம்ஸி எடுத்த இரண்டு படங்களில் ஒன்றின் ஒரே பிரதி தொலைந்தே போனது. பல பத்தாண்டுகள் கழித்து அந்தத் தொலைந்த படத்தைப் பற்றி ஆஷிம் அலுவாலியா ஒரு படம் எடுக்க வேண்டிவந்தது.

நளினி மலானியின் மகள்தான் பாயல் கபாடியா. புனே திரைப்படக் கல்லூரி மாணவியாக அவர் எடுத்த 13 நிமிட ‘ஆஃப்டர்நூன் கிளவுட்ஸ்’ 2017இல் கான் விழாவின் மாணவர் பிரிவுக்குப் போனது. வயதான விதவை ஒருத்தி, வீட்டு வேலை செய்யும் நேபாளத்துப் பெண், ஒரு மதியம். அவ்வளவுதான் படம். 2015இல் அந்தக் கல்லூரியில் 139 நாள் நீடித்த மாணவர் போராட்டத்தில் இருந்தவர்களில் அவரும் ஒருவர். அந்த அனுபவம் 2021இல் ‘எ நைட் ஆஃப் நோயிங் நத்திங்’ ஆனது. போராட்டத்தை நேரே சொல்லாமல், விடுதியில் கிடைத்ததாகச் சொல்லப்படும் ஒரு பெண்ணின் காதல் கடிதங்கள் வழியாகச் சொன்னார். கடிதங்கள் கற்பனை, தடியடியும் முழக்கமும் நிஜம். கானில் சிறந்த ஆவணப்படத்துக்கான விருது அதற்குக் கிடைத்தது. 2024இல் ‘ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்’ படத்துக்கு கிராண்ட் பிரி வாங்கியபோது நம் பத்திரிகைகள் எல்லாம் ஓடிவந்தன. அந்த 13 நிமிடம் வந்தபோது யார் எழுதினோம்?

சென்னையிலிருந்து ஒருவரைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆர்.வி. ரமணி. நான்கு ஆண்டு தன்னோடு இருந்த கேமராவை ஆழிப்பேரலையில் பறிகொடுத்தவர். அது கடைசியாகப் பதிவுசெய்த அலையின் காட்சியும் அதோடு போய்விட்டது. இல்லாமல் போன அந்தச் சில நிமிடங்களைச் சுற்றி, அதே கேமராவில் முன்பு எடுத்த காட்சிகளை வைத்து 2011இல் ‘மை கேமரா அண்ட் சுனாமி’ எடுத்தார். நீளத்தில் இது குறும்படம் ஆகாது. ஆனால் தன் அனுபவத்தைத் தனக்கே உரிய வடிவத்தில் சொன்ன படங்கள் நம்மூரில் விரல்விட்டு எண்ணும்படிதான் இருக்கின்றன. அவற்றில் இது ஒன்று.

படமானவர்கள் சம்மதித்தார்களா?

‘தராச்சிமே’ படத்தில் ஒரு காட்சி. எப்போதோ பாட்டி சொல்லிவிட்ட கடுஞ்சொல் ஒன்றுக்காக, கேமராவை ஓடவிட்டுக்கொண்டே அந்த முதியவளைக் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார் கவாசே. அதே படத்தில் பாட்டியின் தளர்ந்த உடம்பைக் குளியலறையில் காட்டுகிறார். அன்பினால் எடுத்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி நேரத்தில் கேமரா யார் கையில் இருக்கிறது என்று பார்த்தால் உறுத்துகிறது. எடுப்பவர் வெட்டலாம், ஒட்டலாம், விழாவுக்கு அனுப்பலாம். எடுக்கப்படுகிறவருக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

நம் வீடுகளில் இது இன்னும் சிக்கல். அப்பாவின் குடியை மகன் படமாக்கினால் அது அப்பாவின் கதை மட்டுமா? அம்மாவும், கல்யாணத்துக்கு நிற்கும் தங்கையும், சாதிச் சங்கத்தில் பதவியில் இருக்கும் பெரியப்பாவும் அதில் மாட்டுவார்கள். ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்பதைக் கோழைத்தனம் என்று தள்ளிவிட முடியாது. அந்த நாலு பேரோடுதான் அம்மா தினமும் தண்ணீர் பிடிக்க நிற்க வேண்டும். ரஃப் கட் தயாரானதும் படத்தில் இருப்பவரிடம் முதலில் போட்டுக்காட்டுவதும், அவர் வேண்டாம் என்கிற ஷாட்டை எடுத்துவிடுவதும் குறைந்தபட்ச மரியாதை என்பது என் கட்சி. எடுத்துவிட்ட இடத்தில் ஒரு செடியையோ சுவரையோ வைக்கலாம். சொந்த அனுபவப் படங்களின் அழகான இடங்கள் பலவும் இப்படிக் காட்ட முடியாமல் போன இடங்களில் பிறந்திருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

காசு இரண்டாவது பிரச்சினை. ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. ஜானதன் கவெட் என்ற அமெரிக்கர், மனநோயோடு போராடிய அம்மாவைப் பற்றி 2003இல் எடுத்த ‘டார்னேஷன்’ முழுநீளப் படத்தின் செலவு 218 டாலர் என்று பிரபலமானது. சிறுவயதிலிருந்து தானே எடுத்துவைத்த வீட்டு வீடியோக்களைக் கம்ப்யூட்டரோடு இலவசமாக வந்த மென்பொருளில் வெட்டி ஒட்டினார். தியேட்டருக்குப் போகும்போதுதான் பின்னணியில் ஓடிய பாட்டுகளுக்கான உரிமைத்தொகை பூதமாகக் கிளம்பியது. இளையராஜா பாட்டு ஓடாத தமிழ்க் குடும்ப வீடியோ எது? நம் இளைஞர்கள் இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுக்கொள்வது நல்லது.

காசைவிடப் பெரிய குறை, காட்ட இடமில்லாதது. 1962இல் நியூயார்க்கில் ஜோனஸ் மேகஸும் நண்பர்களும் படைப்பாளர்களின் கூட்டுறவு ஒன்றைத் தொடங்கினார்கள். யார் வேண்டுமானாலும் படத்தைக் கொண்டுவந்து வைக்கலாம், தேர்வுக்குழு கிடையாது, வாடகையை எடுத்தவரே நிர்ணயிக்கலாம். மேகஸ் லிதுவேனியாவிலிருந்து அகதியாக வந்து, வந்த கொஞ்ச காலத்தில் கடன் வாங்கிக் கேமரா வாங்கி, தன் நாட்களைக் குறிப்பு எழுதுவதுபோல எடுத்துக்கொண்டே இருந்தவர். அவருக்குத் தெரியும், இந்தப் படங்களுக்கு ஐம்பது பேர் உட்காரும் ஒரு கூடம் போதும், ஆனால் அந்தக் கூடம் நிரந்தரமாக இருக்க வேண்டும் என்று. இங்கே மதுரையில் 1998 முதல் அமுதனும் நண்பர்களும் ‘மறுபக்கம்’ பெயரில் ஆவணப்பட, குறும்பட விழாவை இழுத்துப்பிடித்து நடத்திவருகிறார்கள். 2003இல் தொடங்கிய ‘எக்ஸ்பெரிமென்டா’ பெங்களூரில். கேரளத்தில் அரசே ஆவணப்படங்களுக்கும் குறும்படங்களுக்கும் தனியாக ஒரு சர்வதேச விழாவை 2008 முதல் நடத்துகிறது. தமிழ்நாட்டுத் திரைப்படக் கல்லூரிகளில் மாணவர் எடுக்கும் படங்கள் தேர்வு முடிந்ததும் எங்கே போகின்றன என்று அந்தந்தக் கல்லூரி முதல்வர்கள் சொன்னால் தேவலை.

பரணில் கிடக்கும் கச்சாப் பொருள்

இங்கிலாந்தில் வளர்ந்த சந்தியா சூரியின் ‘ஐ ஃபார் இந்தியா’ 2005இல் வந்தது. அவருடைய அப்பா அறுபதுகளில் மருத்துவராக அங்கே போனவர். போனதும் இரண்டு சூப்பர் 8 கேமரா, இரண்டு புரொஜெக்டர், இரண்டு டேப் ரெக்கார்டர் வாங்கினார். ஒரு செட் தனக்கு, இன்னொன்று இந்தியாவில் இருக்கும் குடும்பத்துக்கு. கடிதத்துக்குப் பதிலாகப் பல ஆண்டுகள் இரு பக்கமும் ஃபிலிம் சுருளும் ஒலிநாடாவும் போய்வந்தன. பனியையும் சூப்பர் மார்க்கெட்டையும் அவர் அனுப்பினார். கல்யாணத்தையும் திருவிழாவையும் அவர்கள் அனுப்பினார்கள். எப்போது திரும்பி வருகிறாய் என்று அவருடைய அம்மா டேப்பில் கேட்டுக்கொண்டே இருந்தார். மகள் அந்தப் பெட்டியைத் திறந்துதான் தன் முதல் பெரிய படத்தை எடுத்தாள். 2024இல் கானுக்குப் போன ‘சந்தோஷ்’ படத்தின் இயக்குநர் இதே சந்தியா சூரிதான்.

நம்மிடம் சூப்பர் 8 இருந்த வீடுகள் குறைவு. ஆனால் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கிரகப்பிரவேசம் என்று எடுத்துத்தள்ளிய வி.எச்.எஸ். கேசட்டுகள் ஊருக்கு ஊர் பரணில் கிடக்கின்றன. வளைகுடாவுக்குப் போன அண்ணன்மார் பேசி அனுப்பிய ஆடியோ கேசட்டுகளும் உண்டு. நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளைக்குப் பின்னால், யாரும் கவனிக்காத மூலையில், பந்தியில் தனியாக உட்கார வைக்கப்பட்ட ஒருவரோ, அழுத கண்ணைத் துடைக்கும் மணப்பெண்ணோ, இப்போது உயிரோடு இல்லாத தாத்தாவோ அதில் இருப்பார்கள். அடுத்த தலைமுறைப் படங்களுக்கு அதைவிட நல்ல கச்சாப் பொருள் கிடையாது.

ஆனால் காந்த நாடாவுக்கு ஆயுள் குறைவு. நம்மூர் ஈரப்பதத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். உலகில் கடைசியாக வி.சி.ஆர். தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இருக்கும் பிளேயர்களுக்கு ஹெட் மாற்றித் தரத் தெரிந்த மெக்கானிக்குகள் நகரத்துக்கு ஒருவர் இருவர் இருந்தாலே அதிகம். பூஞ்சை பிடித்த கேசட்டை அப்படியே பிளேயரில் போட்டால் ஹெட்டும் போகும், நாடாவும் போகும். பரணிலிருந்து இறக்குகிறவர்கள் முதலில் கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாக நாடாவைப் பாருங்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால் ஓட்டிப் பார்க்க ஆசைப்படாமல், சுத்தம் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.